வீட்டில் இருக்கும் பழைய போர் விமானப் படம்: துப்புத் துலக்கவும் காப்பாற்றவும் ஒரு வழிகாட்டி

குடும்ப ஆல்பத்தில் ஒரு போர் விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அதன் முன்னால் சீருடையில் சிலர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் தாத்தா, அல்லது தாத்தாவின் அண்ணன். இது என்ன விமானம், எந்த இடம், எந்த ஆண்டு, அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வருகிறது. இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவர்களுக்காக. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படங்களே அதிகம் என்பதால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

எங்கள் குடும்பப் படத்தோடு நான் மல்லுக்கட்டியபோது தகவலுக்குப் பஞ்சமே இல்லை. எதை முதலில் செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. வரிசை மாறினால் பணமும் காலமும் வீணாகும். சில சமயம் படமே பாழாகும்.

காலக்கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்தின் வகையை ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம். காப்பகத்திலிருந்து பணிப்பதிவு வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். எனவே முழுக் கட்டுரையையும் ஒருமுறை படித்துவிட்டு, 7ஆம் படியில் உள்ள விண்ணப்பத்தை முடிந்தவரை சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். மற்ற வேலைகளைக் காத்திருக்கும் நேரத்தில் செய்யலாம்.

இன்னொன்று. ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: படத்தில் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, நீங்களாக ஊகித்தது. "தாத்தா விமானி" என்பது பெரும்பாலும் இரண்டாம் பத்தியைச் சேர்ந்தது. அது ஆதாரம் இல்லாமல் முதல் பத்திக்கு நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

1. படத்தைத் தொடும் முன்

கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். படப்பரப்பில் விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் வெள்ளிப் படலத்தில் ஆண்டுகள் கழித்துக் கறையாக வெளிவரும்.

பழைய சட்டகத்தில் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். நனைத்து எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு போய், வெறும் தாள் உங்கள் கையில் மிஞ்சும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு, பிரிக்கும் வேலையைப் புகைப்படப் பாதுகாப்பு நிபுணரிடம் விடுங்கள். பிளாஸ்டிக் தாளை விரித்து ஒட்டும் வகை ஆல்பத்தில் படம் இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த ஆல்பத்தின் பசை காலப்போக்கில் இறுகிவிடும். சுலபமாக எழும்பவில்லை என்றால் பக்கத்தோடு விட்டுவிடுங்கள்.

படத்தோடு நெகட்டிவ் இருந்தால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். முதலில் அதைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அதைவிடப் பழைய நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும். மஞ்சளாகிப் பிசுபிசுக்கும் நெகட்டிவை வெயில்படும் இடத்திலோ, விளக்குக்கு அருகிலோ வைக்காதீர்கள்.

2. ஸ்கேன் செய்தல்

மேசை ஸ்கேனரே போதும். தாள் இழுக்கும் வகை இயந்திரத்தில் படத்தைச் செருகவே கூடாது. படம் கறுப்பு வெள்ளைதானே என்று சாம்பல் நிற முறையைத் தேர்ந்தெடுக்காமல் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். ஊதா முத்திரை, நீல மை, பழுப்புக் கறை ஆகியவற்றை வேறுபடுத்திப் பார்க்க நிறம் வேண்டும்.

அக்காலப் படங்கள் பெரும்பாலும் சிறியவை. உள்ளங்கையில் அடங்கும் 6×9 செ.மீ. படத்துக்கு 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) வையுங்கள். ஏறத்தாழ 2,800க்கு 4,250 புள்ளிகள் கிடைக்கும். டிஃப் கோப்பாகச் சேமித்தால் 36 எம்பி அளவுக்கு வரும். இதற்கு மேல் கூட்டினால் தாளின் நார்தான் பெரிதாகும். பெரிய படங்களுக்கு 600 போதும். ஜேபெக் கோப்பை உறவினர்களுக்கு அனுப்புங்கள். டிஃப் மூலத்தைத் தொடாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் அதையும் ஸ்கேன் செய்யுங்கள்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு "தெளிவாக்கும்", வண்ணம் பூசும் செயலிகளைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன்: துப்புத் துலக்கும் வேலைக்கு அவை ஆகவே ஆகா. மங்கிய 3 இருக்கும் இடத்தில் அழகான 8ஐ அவை வரைந்துவிடும். சாம்பல் வட்டத்துக்குத் தோன்றிய நிறத்தைப் பூசிவிடும். பார்ப்பதற்கு உண்மைபோலவே இருப்பதுதான் ஆபத்து. வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. பின்பக்கத்தைப் படித்தல்

விமானத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். முதலில் பின்பக்கம். அறையை இருட்டாக்கிவிட்டு, சிறு டார்ச் விளக்கைத் தாளுக்கு ஏறக்குறைய இணையாகப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். பென்சில் எழுத்து அழிந்துபோயிருந்தாலும் அழுத்தத்தின் பள்ளம் நிழல்கட்டித் தெரியும். எங்கள் படத்தின் பின்னால் வெறும் பழுப்பாகத் தெரிந்த மூலையில் இப்படித்தான் ஒரு மாதத்தின் பெயரும் பாதி ஆண்டும் எழும்பி வந்தன.

பின்பக்கத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஒரே காலத்தது அல்ல. எடுத்தபோது எழுதிய பென்சில், வீட்டுக்கு அனுப்பியபோது எழுதிய மை, பிற்காலத்தில் யாரோ நினைவிலிருந்து எழுதிய பால்பாயிண்ட் பேனா என்று அடுக்கடுக்காக இருக்கும். பால்பாயிண்ட் பேனா பரவலானது போருக்குப் பிறகுதான். ஆகவே அதில் எழுதிய "1943" சாட்சி சொன்னதன்று, பிறகு ஞாபகப்படுத்திக்கொண்டது. ஸ்டுடியோ முத்திரை, தணிக்கை முத்திரை, வரிசை எண் எதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

முத்திரையில் விமானப்படையின் பெயரோ, அச்சிட்ட விளக்கமோ இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அது பத்திரிகைகளுக்கும் படையினருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்த படமாக இருக்கலாம். விமானம் மட்டும் தனியாக, ஆள் யாரும் இல்லாமல், மிக நேர்த்தியாக எடுக்கப்பட்டிருந்தால் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். அப்படிப்பட்ட படத்தை வைத்திருந்தவருக்கும் அந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் ஊகத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் "ஆமாம், அதேதான்" என்றுதான் பதில் வரும். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

4. விமானத்தின் வகை

முதலில், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிவைத்து அச்சிடுவது சாதாரணமாக நடந்தது. பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளில் விமானியின் இறக்கைச் சின்னம் இடது மார்புப் பைக்கு மேலே இருக்கும். அது வலப்பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

பிறகு இந்த வரிசையில் பாருங்கள்: எஞ்சின்கள் எத்தனை, மூக்கு கூராக நீண்டிருக்கிறதா, சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கிய மொட்டை மூக்கா, இறக்கை உடலின் மேலேயா, நடுவிலா, கீழேயா, வாலில் நிற்கும் துடுப்பு ஒன்றா, இரண்டா, சக்கரம் மடங்குமா. இந்த ஐந்து விடைகளிலேயே நூற்றுக்கணக்கான வகைகள் கழிந்துவிடும்.

அடிக்கடி குழப்பும் இரட்டையர் பிரிட்டிஷ் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும். வீட்டில் எல்லோரும் ஸ்பிட்ஃபயர் என்றே சொல்வார்கள். அந்தப் பெயருக்குத்தான் புகழ் அதிகம். சக்கரங்களைப் பாருங்கள். ஹரிகேனின் சக்கரங்கள் அகலமாக விலகி நிற்கும், உட்புறமாக மடங்கும். ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் நெருக்கமாக நிற்கும், வெளிப்புறமாக மடங்கும். ஹரிகேனின் முதுகில் கூன் தெரியும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை முட்டை வடிவில் ஒடுங்கும்.

ஸ்பிட்ஃபயர் என்று உறுதியானால் புரொப்பெல்லரின் அலகுகளை எண்ணுங்கள். தொடக்கத்தில் வந்தவற்றுக்கு மரத்தாலான இரண்டு அலகுகள், பிறகு மூன்று, மார்க் 9 என்ற பிந்தைய வடிவத்தில் நான்கு, கிரிஃபான் எஞ்சின் பொருத்திய மார்க் 14இல் ஐந்து. முகம் தெரியாத அளவுக்கு மங்கிய படத்திலும் இதை எண்ணிவிடலாம். காலமும் அதோடு சேர்ந்து குறுகும்.

பயிற்சி விமானங்களை மறந்துவிடாதீர்கள். டைகர் மாத், ஹார்வர்ட் போன்றவற்றின் முன் நின்று எடுத்த படங்கள் ஏராளம். பயிற்சிக் காலத்தில்தான் புதிதாகச் சீருடை போட்டவர் வீட்டுக்குப் படம் அனுப்புவார், படம் எடுக்க நேரமும் இருக்கும்.

5. காலத்தைக் குறுக்குதல்

இறக்கையிலும் உடலிலும் உள்ள நாட்டுச் சின்னம்தான் மிகச் சிறந்த நாள்காட்டி. அமெரிக்க விமானத்தில் நீல வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம் இருக்கும். அதன் நடுவே சிவப்புப் புள்ளி இருந்தால் 1942 மே மாதத்துக்கு முந்தையது. ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பாமலிருக்க அப்போது அதை நீக்கினார்கள். நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள் இருந்தால் 1943 ஜூன் இறுதிக்குப் பிந்தையது. தொடக்கத்தில் அதைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு இருந்தது. சில மாதங்களிலேயே அது நீலமானது. அந்த வெள்ளைப் பட்டைகளுக்குள் சிவப்புக் கோடு ஓடினால் 1947 ஜனவரிக்குப் பிந்தையது.

பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருக்கும். ஜப்பானுக்கு எதிரான கிழக்கு முனையில் அந்தச் சிவப்பை நீக்கி நீலமும் வெளிர்நீலமும் மட்டும் பூசினார்கள். எனவே நடுப்புள்ளி வெளிறிய சிறிய சின்னம் தெரிந்தால் பர்மா, இந்தியப் பகுதியை முதலில் நினையுங்கள். இறக்கையையும் உடலையும் சுற்றிக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் 1944 ஜூன் மாத நார்மண்டிப் படையெடுப்பை ஒட்டிய காலம். இந்திய விமானப்படையின் பெயருக்கு முன் 'ராயல்' என்ற அடைமொழி 1945 மார்ச் முதல் 1950 ஜனவரி வரைதான் இருந்தது. பின்பக்க முத்திரையில் அது காணப்பட்டால் காலம் அந்த ஐந்தாண்டுக்குள் வந்துவிடுகிறது.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் எது சிவப்பு, எது நீலம் என்று ஃபிலிமின் வகைதான் தீர்மானிக்கிறது. ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாகும், மஞ்சளும் இருண்டுவிடும், நீலமோ வெளிறிப்போகும். பான்குரோமேட்டிக் ஃபிலிமில் சிவப்பு சாம்பலாகவும், நீலம் அதைவிட இருட்டாகவும் வரலாம். ஒரே விமானத்தை இரண்டு ஃபிலிமில் எடுத்தால் இரண்டு வேறு நாட்டுச் சின்னங்கள் போலத் தோன்றும். நிறம் உறுதியாகத் தெரிந்த பொருள் ஏதாவது அதே படத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். தெளிந்த வானம் வெள்ளைவெளேர் என்று இருப்பதும், பிரிட்டிஷ் சின்னத்தின் வெளி மஞ்சள் வளையம் கறுப்பாக இருப்பதும் ஆர்த்தோ ஃபிலிமின் அடையாளங்கள். இதை முடிவு செய்யாமல் சின்னத்தை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள்.

6. எண்களும் எழுத்துகளும்

விமானத்தில் இரண்டு விதமான எழுத்துகள் இருக்கும். பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் ஸ்குவாட்ரன், அதாவது விமானம் சேர்ந்திருந்த படைப்பிரிவின் குறியீடு. சிறிதாக இருப்பது வரிசை எண். எல்லோரும் பெரியதைப் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது சிறியது. குறியீடு ஸ்குவாட்ரனோடு மாறும். வரிசை எண் அந்த விமானத்தோடு கடைசிவரை போகும்.

லண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் ஆர்5868 என்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. அது 83ஆம் ஸ்குவாட்ரனில் ஓஎல்-கியூ என்றும், பிறகு ஆஸ்திரேலிய 467ஆம் ஸ்குவாட்ரனில் பிஓ-எஸ் என்றும் எழுத்துகளைத் தாங்கியது. படத்தில் குறியீட்டை மட்டும் பார்ப்பவர் இதை இரண்டு விமானங்கள் என்றே எழுதிவைப்பார்.

பிரிட்டிஷ் வரிசை எண் அக்காலத்தில் எழுத்தும் இலக்கமுமாக ஐந்து இடங்கள் கொண்டது. உடலின் பின்பகுதியில், வாலுக்கு முன்னால் இருக்கும். அமெரிக்க ராணுவ விமானத்தில் வால் துடுப்பில் இருக்கும். ஆனால் அப்படியே தேடினால் கிடைக்காது. ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். 'மெம்ஃபிஸ் பெல்' என்ற புகழ்பெற்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் முழு எண் 41-24485. வாலில் இருப்பதோ 124485. நீங்கள் காணும் எண்ணின் முன் ஒரு 4ஐச் சேர்த்து, இரண்டாம் இலக்கத்துக்குப் பின் கோடு போட்டுத் தேடுங்கள்.

எண் பாதி மறைந்திருந்தால் மனம் தளர வேண்டாம். எங்கள் படத்தில் ஒருவரின் முழங்கை எழுத்துகளை மறைத்துக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே தெரிந்தன. வகையும் மாதமும் ஸ்குவாட்ரனும் தெரிந்த பிறகு, அந்த இரண்டு இலக்கமே ஒரே ஒரு விமானத்தைத் தனித்துக் காட்டியது. அது எப்படி என்பது 8ஆம் படியில்.

7. அவரது பணிப்பதிவைக் கேட்டு விண்ணப்பித்தல்

பணமும் காலமும் செலவாகும் இடம் இதுதான். எந்த நாட்டுப் படையில் இருந்தார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். தவறான நாட்டுக்கு எழுதினால் "இல்லை" என்ற பதிலுக்கே பல மாதம் ஆகும். அந்த "இல்லை" அவர் படையில் இல்லை என்று அர்த்தமாகிவிடாது.

எந்த நாடானாலும் முன்கூட்டித் தயார் செய்ய வேண்டியவை: முழுப்பெயர், அதன் எல்லா எழுத்துக்கூட்டல்களும், பிறந்த தேதி, படை எண், இறப்புச் சான்றிதழ், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்றுகள், உங்கள் அடையாள அட்டை. சான்றிதழ் ஆங்கிலத்தில் இல்லை என்றால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இணையுங்கள். மூலத்தை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள்.

எழுத்துக்கூட்டலை அலட்சியம் செய்ய வேண்டாம். முன்னெழுத்தை விரித்து எழுதியதா, சுருக்கியதா, அப்பா பெயர் கடைசிப் பெயராகப் பதிவானதா என்பதைப் பொறுத்து ஒரே ஆள் மூன்று பெயர்களில் இருப்பார். எங்கள் விண்ணப்பம் ஒரு காப்பகத்திலிருந்து "பெயர் பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது; பதிவில் இருந்த பெயருக்கும் சான்றிதழில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதன்பிறகு எல்லா வடிவங்களையும் ஒரு பட்டியலாகவே இணைத்து அனுப்பினோம்.

படை எண்ணைத் தேடப் பதக்கத்தின் விளிம்பு, பழைய கடித உறை, சம்பளப் புத்தகம் ஆகியவற்றைப் பாருங்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து பிறகு அதிகாரியானவருக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றை மட்டும் கொடுத்தால் பாதி வாழ்க்கைதான் கிடைக்கும். அதிகாரி நியமனங்கள் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வெளியாயின. அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

பிரிட்டன்: பாதுகாப்பு அமைச்சகம் தன்னிடம் இருந்த பழைய பணிப்பதிவுகளை 2022 முதல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றத் தொடங்கியது. ஆகவே உங்களுக்கு வேண்டிய பதிவு இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளில் உள்ள படிவத்தையும் கட்டணத்தையும் நம்பாதீர்கள்; விண்ணப்பிக்கும் நாளில் அவர்களின் தளத்தில் உள்ளதையே எடுங்கள். 115 ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர் என்றால் இறப்புச் சான்று கேட்கமாட்டார்கள். அதற்குப் பின் பிறந்தவர் என்றால் சான்று வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஓராண்டு ஆனாலும் வியப்படைய வேண்டாம்.

அமெரிக்கா: செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் பதிவு மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவம். கையெழுத்தும் தேதியும் இல்லாவிட்டால் பரிசீலிக்கவே மாட்டார்கள். இங்கே ஒரு விசித்திரம்: நெருங்கிய உறவினர் என்ற வரையறையில் பேரப்பிள்ளைகள் இல்லை. மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் மட்டுமே வருவார்கள். ஆனால் படையிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்த பதிவுகள் பொது ஆவணமாகிவிடுகின்றன. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். போர் முடிந்ததும் விலகியவர்கள் எல்லோரும் இந்த வகையில் வந்துவிட்டார்கள். நான் பார்த்த கட்டண அட்டவணையில் 5 பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர்.

பணம் கட்டும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்த மையத்தில் 1973 ஜூலையில் பற்றிய தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விலகியவர்களின் பதிவுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. அமெரிக்க விமானப்படை தனிப்படையானது 1947 செப்டம்பரில்தான். அதற்கு முன் விமானப் பிரிவினரும் ராணுவக் கணக்கில்தான் வருகிறார்கள். எனவே கோப்பு இல்லை என்று பதில் வந்தால் அது உங்கள் படிவத்தின் குறையன்று. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் உள்ள 1938-1946 ராணுவச் சேர்க்கைப் பட்டியலை முதலில் இலவசமாகத் தேடுங்கள். படை எண் கிடைத்துவிடும். அதிகாரி அல்லாதவரின் எண் 1இல் தொடங்கினால் தாமாகச் சேர்ந்தவர். 3இல் தொடங்கினால் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர்.

ஆஸ்திரேலியா எல்லோரையும்விடத் தாராளம். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளத்தில் ஏ9300 என்ற தொகுப்பில் விமானப்படை அதிகாரிகளும், ஏ9301இல் மற்றவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்த கோப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். இல்லாததைக் கட்டணம் கட்டி ஸ்கேன் செய்யக் கேட்கலாம்.

இந்தியா: விமானப்படை வீரர்களின் பதிவுகளுக்கு டெல்லியில் உள்ள விமானப்படைப் பதிவு அலுவலகத்தை அணுக வேண்டும். முதலில் சாதாரணக் கடிதம் எழுதுங்கள். பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களில் பதில் தர வேண்டும் என்பது விதி. "என் தாத்தாவைப் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்காதீர்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, தொழிற்பிரிவு, பணியாற்றிய பிரிவுகள் என்று இனம் பிரித்துக் கேளுங்கள்.

போரில் இறந்தவராக இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தேடுவதற்குச் செலவே இல்லை. பிரிவின் பெயரும் படை எண்ணும் அங்கேயே கிடைப்பதுண்டு.

8. விமானமும் ஸ்குவாட்ரன் நாட்குறிப்பும்

பணிப்பதிவு வந்ததும் அவர் எந்தத் தேதியில் எந்தப் பிரிவில் இருந்தார் என்பது தெரியும். இனி அந்தப் பிரிவின் நாட்குறிப்புக்குப் போகலாம். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் செயற்பாட்டுப் பதிவேடுகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற தொகுப்பில் உள்ளன. விமானத் தளங்களுக்கு ஏஐஆர் 28. இவற்றில் இரண்டு படிவங்கள். 540 என்பது அன்றாட நிகழ்வுச் சுருக்கம். 541தான் புதையல்: எந்தத் தேதியில், எந்த வரிசை எண் விமானத்தில், யார் யார் பறந்தார்கள் என்று வரிவரியாக இருக்கும். எங்கள் படத்தின் இரண்டு இலக்கங்களை அந்த மாதத்துப் 541 பக்கங்களில் வைத்துப் பார்த்தபோது அந்த இலக்கங்களில் முடியும் விமானம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அதே பக்கங்களில் எங்கள் தாத்தாவின் பெயர் இல்லை. பறந்தவர்களின் பெயர்தான் 541இல் வரும். எஞ்சினைப் பழுதுபார்த்தவர்கள், குண்டு ஏற்றியவர்கள் வரமாட்டார்கள். ஒரு விமானம் பறக்கத் தரையில் பலர் உழைத்தார்கள் என்பதால், உங்கள் உறவினர் அவர்களில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். படத்தையே இன்னொருமுறை பாருங்கள். மார்பில் இரண்டு இறக்கை கொண்ட சின்னம் விமானிக்கு. ஒற்றை இறக்கையும் ஓரிரு எழுத்துகளும் இருந்தால் வழிகாட்டி, துப்பாக்கி வீரர், குண்டு வீசுபவர் போன்ற மற்ற பறக்கும் பணியாளர். எதுவும் இல்லாமல் எண்ணெய்க் கறை படிந்த மேலங்கி என்றால் தரைப் பணியாளர். வீட்டில் இதைச் சொல்வது சில சமயம் சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள். அந்த மெக்கானிக் கையெழுத்துப் போடாமல் எந்த விமானியும் மேலே போகவில்லை.

பறந்தவர் என்றால் பறப்புப் பதிவேடு வீட்டில் எங்கேயாவது இருக்கும். விமானிகளுக்கு 414 எண் படிவம், மற்ற பணியாளர்களுக்கு 1767. அதில் விமானத்தின் வகையும் எண்ணும் எழுதும் பத்தி இருக்கிறது. படத்தோடு நேராக ஒப்பிடலாம்.

விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால், பிரிட்டிஷ் விமானத்தின் இடமாற்ற அட்டையும், விபத்து நடந்திருந்தால் 1180 என்ற எண்ணுள்ள விபத்து அட்டையும் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அமெரிக்க விமானங்களின் தனி அட்டைகள் அலபாமாவில் மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் இருக்கும் வரலாற்று ஆய்வு முகமையிடம் உள்ளன. கடிதம் எழுதும்போது முழு வரிசை எண்ணையும் படத்தின் சிறு நகலையும் இணையுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விமானம் மட்டும். கேள்விகள் கூடினால் கோப்பு அடியில் போய்விடும்.

காப்பகத்தின் பதிவேடுகளைத் தரவிறக்கக் கட்டணம் இருக்கலாம். லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள வாசிப்பறைக்கே போகும் உறவினர் யாராவது இருந்தால் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். மாதம் தெரியாமல் வாங்கத் தொடங்கினால் செலவு எகிறும். 5ஆம் படியை முடிக்காமல் இங்கே வராதீர்கள்.

9. மூலப் படத்தை வைத்தலும் பகிர்தலும்

பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையில் இடுங்கள். பிவிசி உறை வேண்டாம். புது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் உறை பெரும்பாலும் அதுதான். அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். ஒட்டுநாடா, ரப்பர் பேண்ட், காகிதக் கிளிப் எதுவும் வேண்டாம். சமையலறை, குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியையும் மேல்மாடி அறையையும் தவிருங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சுவரில் மாட்ட ஆசை என்றால் நகலை மாட்டுங்கள்.

கண்டுபிடித்ததைப் படத்தின் பின்னால் எழுதாதீர்கள். தனித்தாளில் மென்மையான பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள். நோட்டின் மூன்று பத்திகளும் அந்தத் தாளில் அப்படியே இருக்கட்டும். எழுதியவர் பெயரும் தேதியும் போடுங்கள்.

வெளியிட நினைத்தால் படத்தை எடுத்தவர் யார் என்று பாருங்கள். வீட்டில் படம் இருப்பதால் மட்டும் காப்புரிமை உங்களுடையதாகிவிடாது. 1957 ஜூனுக்கு முன் பிரிட்டிஷ் அரசுப் பணியில் எடுத்த படங்களின் அரசுக் காப்புரிமை முடிந்துவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசுப் பணியாளர் கடமையின்போது எடுத்த படத்துக்கு அந்நாட்டில் காப்புரிமை கிடையாது. நண்பரோ, ஸ்டுடியோவோ எடுத்தது என்றால் கணக்கு வேறு.

இணையத்தில் போடும் நகலில் படை எண்ணையும் பிறந்த தேதியையும் மறைத்துவிடுங்கள். படத்தில் இருக்கும் மற்றவர்களின் குடும்பத்தார் தேடி வரக்கூடும் என்பதால் விமானத்தின் எண்ணையும் ஸ்குவாட்ரனையும் மறைக்காதீர்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் மூலமா, நகலா, திரும்பப் பெறும் உரிமை உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே படத்தை ஒப்படையுங்கள்.